கடைசியில் போட வேண்டிய பொடி

நார்மன் ஹெப்வொர்த்தின் சிகரெட்டை டாக்டர் நிறுத்திவிட்டார். அப்படியானால் பழையபடி மூக்குப்பொடிக்கே போய்விடுகிறேன், நல்லதாக நாலு வாசனை பார்த்துக் கொடு என்று அவன் என் வாசலில் வந்து நின்றான். பொடி விஷயத்தில் எங்கள் பார்ன்ஸ்லி ஊரிலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவன் எண்ணம். ஐம்பது வருஷமாக மூக்கைக் கெடுத்துக்கொண்டவன் என்ற வகையில் அது உண்மைதான். அவன் கூப்பிட்டது எங்கள் பழைய பொடிக்கடைக்கு. வேறு எந்தக் கடைக்குக் கூப்பிட்டிருந்தாலும் சந்தோஷமாகப் போயிருப்பேன்.

நாங்கள் இருவரும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். கீழே நெருப்பு கூடாது என்பதால் எல்லோர் சட்டைப்பையிலும் பொடி டப்பா இருக்கும். டப்பாவைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு நீட்டிவிட்டுத்தான் நாம் எடுக்க வேண்டும். நீட்டினால் மறுக்கவும் கூடாது. பேச்சுவார்த்தை இல்லாதவனுக்குக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாவது நீட்டுவோம்.

நார்மன் அங்கே மேற்பார்வையாளன். வெட்டி முடித்துக் கைவிட்ட பகுதிகளில் நிலக்கரி சில சமயம் தானாகவே உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மண்ணெண்ணெய் போல லேசாக ஒரு வாடை வரும், அவ்வளவுதான். அதை மோந்து கண்டுபிடிப்பதில் அவன் மூக்குக்கு ஈடு கிடையாது. அதனால் வேலை நேரத்தில் வாசனை இல்லாத வெறும் பொடிதான் போடுவான்.

அறுபத்தெட்டாம் வருஷம் பிப்ரவரியில் புதிதாக வந்த கற்பூரப் பொடி ஒன்றை வாங்கினேன். இதை வேலைக்குப் போகும்போது போடாதே என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். கேட்டேனா? அன்று காலை கீழே இறங்கியதும் டப்பாவைத் திறந்து நார்மனுக்கு நீட்டினேன். லேசாகப் புதினா கலந்தது என்று பொய் வேறு சொன்னேன். மூக்கு சர்ச் கதவு மாதிரித் திறந்துகொண்டது என்று சிரித்துக்கொண்டே அவன் கைவிட்ட பகுதியைச் சோதிக்கப் போனான். வாடை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். மதியத்துக்குள் அந்தப் பக்கமிருந்து வந்த விஷப்புகையில் எங்களோடு வேலை பார்த்த ஆர்னல்ட் ஸ்வேல்ஸ் செத்துப்போனான்.

விசாரணையில் நார்மன் யார்மேலும் பழி போடவில்லை. என் மூக்கு என்னைக் கைவிட்டுவிட்டது என்று மட்டும் சொன்னான். பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு, மேலே நிலக்கரியிலிருந்து கல் பொறுக்கும் வேலைக்குப் போனான். பொடியையும் அன்றோடு விட்டான். ஒவ்வொரு பிப்ரவரியும் ஆர்னல்ட் கல்லறைக்குப் பூ எடுத்துப் போவான். வெட்கம் கெட்ட நானும் கூடவே போவேன். இருபத்தொன்பது வருஷம் போயிருக்கிறேன்.

கடையில் இப்போது இருப்பது அந்தக் கடைக்காரரின் மகள் டோரீன். பொடிக்குப் பேர்போன கெண்டலிலிருந்தும் ஷெஃபீல்டிலிருந்தும் வந்த சின்னச் சின்ன டப்பாக்களை மேஜையில் பரப்பினாள். நான் அவசர அவசரமாக ரோஜா, வயலட் பூ, காப்பி, ஆரஞ்சுத் தோல் என்று நாலை அவன் முன்னால் தள்ளி வைத்தேன். நார்மன் ஓரத்தில் இருந்த வெள்ளை டப்பாவைக் காட்டி அது என்ன என்றான். உனக்கு ஒத்துக்காது என்றேன்.

"எனக்கு எது ஒத்துக்கும்னு சொல்ல நீ யாருடா?" என்று அதைத்தான் முதலில் எடுத்தான்.

கடைசியில் போடுங்கள் என்று டோரீன் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சிட்டிகை உள்ளே போய்விட்டது. கண்ணில் நீர் வழிய, ஆகா, அடைப்பெல்லாம் போயே போச்சு என்றான். அடுத்து வயலட்டை எடுத்தான். நெற்றியைச் சுருக்கினான். ரோஜாவை எடுத்தான். இது என்ன, வெறும் மண்ணாக இருக்கிறதே, பழைய சரக்கா என்று கேட்டான்.

டோரீன் சிரித்தாள். "சரக்கு புதுசுதான் ராசா. கற்பூரம் போட்டா மூக்கு தொறந்த மாதிரிதான் இருக்கும், ஆனா ஒரு மணமும் ஏறாது. அரை மணி நேரமாவது ஆகும். எங்கப்பா எல்லார்கிட்டயும் சொல்லித்தானே விப்பாரு."

நார்மன் வெள்ளை டப்பாவை மூடினான். மறுபடி திறந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் குனிந்து என் பூட்ஸைப் பார்த்தேன்.

டோரீன் டீ போட உள்ளே போனதும் அவன் மெதுவாகக் கேட்டான். "வில்ஃப், அன்னைக்கு நீ குடுத்தது இதானே?"

"இதான்."

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கு சாயங்காலமே."

விசாரணைக்கு முன்னாலேயா என்று கேட்டான். ஆமாம் என்றேன். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தை அவ்வளவு மலிவாகத் தோன்றியதால் விழுங்கிவிட்டேன். அவன் திட்டியிருந்தால் தேவலை. டீயைக் குடித்தபடி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் ஆனதும் வயலட்டை மறுபடி எடுத்து மோந்தான். அவன் முகம் கோணியது, கண் கலங்கியது. இப்போது எந்தக் கற்பூரமும் காரணம் இல்லை.

"மூக்கு நல்லாத்தான்டா இருக்கு," என்றான்.

வயலட் மட்டும் ஒரு டப்பா வாங்கினான். பஸ் நிறுத்தத்தில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தான். டப்பாவை எடுத்து, பழைய பழக்கத்தில் மூடியில் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தான். என் கை தானாகவே நீண்டது. அவன் ஒரு சிட்டிகை எடுத்து நிதானமாக உறிஞ்சினான். டப்பாவை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்தான்.