இடம் மட்டும் பொய்

எனக்கு அஞ்சாம் கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு. ஆனா மூணு வருசமா தினமும் எழுதறேன். பேப்பர்ல இல்லை, போன்ல. கோட்டைக்குப்பம் நீலமேகம்னு போட்டுத் தேடினா வரும்.

ஆரம்பிச்சதுக்குக் காரணம் கோபம். ஒரு பத்திரிகைக்காரன் எங்க பழவேற்காடு ஏரியில இறாலே கிடையாதுன்னு எழுதி, படத்துக்கு வேற எந்த ஊர் படகையோ போட்டிருந்தான். அன்னிக்குக் காலையிலதான் நான் ஒரு கூடை எறா கொண்டாந்தேன். என் பொண்ணு அம்பிகா பொன்னேரியில ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல வேலை பார்க்கிறா. அவகிட்ட கத்தினேன்.

"என்கிட்ட கத்தி இன்னா ஆவப்போவுது நைனா? நீயே எழுது"ன்னு சொல்லி, போன்ல பிளாக் ஒண்ணு திறந்து குடுத்தா. தினம் எழுதணும், கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லணும், இது ரெண்டையும் விட்டா ஆளு போயிடும்னா.

ஆளு வர்றதே எனக்குப் பிடிக்கலை. முகம் தெரியாதவன் எதுக்கு என் எழுத்தைப் படிக்கணும்? அவனுக்கு என்கிட்ட இன்னா வேணும்? ஆனா எழுதினேன். ஏரியிலேருந்து வந்து, குளிச்சு, சோறு தின்னுட்டு உக்காந்தா பத்து வரி. இப்படித்தான் இருக்கும்: "வாடைக்காத்து. முகத்துவாரத்துல மணல் ஏறுது. எறா அரைக் கூடை, கல்லுமேட்டுப் பக்கம். தசரதன் வலை கிழிஞ்சது. அவன் தப்பு."

தசரதன் என் மச்சான். ஒரே படகுல போறவன். அவன் படிக்கமாட்டான்.

முதல் நாலு மாசம் அம்பிகா மட்டும்தான் படிச்சா. அப்புறம் லைட்ஹவுஸ் குப்பத்துலேருந்து குவைத்துக்குப் போன வினோத் வந்தான். ஏரிக்கு மேக்கால நெல்லு வெக்கிற பூபதி வந்தாரு, தண்ணி மட்டம் பார்க்க. அப்புறம் போளூர் பக்கத்துலேருந்து ஹேமாவதின்னு ஒரு டீச்சர். பூகோளம் சொல்லித் தர்றவங்களாம். முதல் நாளே ஒரு கேள்வி போட்டாங்க. "ஐயா, முகத்துவாரம் அடைச்சுக்கிட்டா எறா எங்கே போகும்?"

"எறாவைக் கேளுங்க"ன்னு பதில் போட்டேன்.

வேற ஆளா இருந்தா கோச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க. அந்தம்மா மறுநாள் வேற கேள்வியோட வந்தாங்க. அதுக்கு ஒழுங்கா பதில் சொன்னேன். ஒரு தடவை ஜுரத்துல ரெண்டு நாள் எழுதலை. மூணாம் நாள் பார்த்தா, "ஐயா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டிருந்தாங்க. எனக்கு உடம்பு சரியில்லைன்னு போளூர்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்? ஊர்லேருந்து எவனோ போட்டுக் குடுத்திருக்கான்னு நினைச்சேன். அம்பிகா வயித்தைப் பிடிச்சிக்கினு சிரிச்சா. "தினம் எழுதற ஆளு எழுதலைன்னா வேற இன்னா நினைப்பாங்க நைனா?"

ஜுரம்னு பதில் போட்டேன். அதுக்கப்புறம் ஒரு நாளும் விடலை. மகன் கல்யாணத்தன்னிக்குக்கூட மூணு வரி எழுதினேன்.

போன கார்த்திகையில டீச்சர் ஒரு சேதி போட்டாங்க. சனிக்கிழமை பழவேற்காடு வர்றேன், உங்களைப் பார்க்கணும், ஒண்ணு காட்டணும். எதையோ விக்க வர்றாங்கன்னுதான் நினைச்சேன். பொன்னேரி பஸ்ஸுலேருந்து இறங்கினாங்க. அம்பது வயசு இருக்கும். கையில நீளமா ஒரு பிளாஸ்டிக் குழாய். கரையில கவுத்து வெச்சிருந்த படகு மேல குழாய்லேருந்து ஒரு தாளை உருவி விரிச்சாங்க. நாலு மூலையிலயும் கல்லு வெச்சாங்க.

எங்க ஏரி. அதுமேல பூரா புள்ளி. சிவப்பு எறா, நீலம் மடவை மீனு, பச்சை நண்டு. ஒவ்வொரு புள்ளிகிட்டயும் பொடி எழுத்துல தேதி.

"நீங்க எழுதின ஒவ்வொரு நாளும் இதுல இருக்கு ஐயா. இடத்துப் பேருங்க எங்கே இருக்குன்னு உங்ககிட்டயே கேட்டுக் கேட்டு வெச்சது. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. கல்லுமேடு எங்கே, மொட்டைத்திட்டு எங்கேன்னு கேட்டப்போ சரியாத்தான் சொன்னேன். கல்லுமேடு கல்லுமேட்டுலதான் இருந்தது. சிவப்புப் புள்ளி அங்கே எறும்பு மொய்ச்ச மாதிரி மொய்ச்சிருந்தது. நான் அங்கே வலை போட்டு ஆறு வருசம் ஆச்சு.

டீச்சர் தெற்குப் பக்கம் விரல் வெச்சாங்க. அங்கே வெறும் வெள்ளை. "இந்தப் பக்கம் நீங்க ஒரு தடவைகூட எழுதலை. இங்கே மீன் கிடையாதா?"

"சேறு"ன்னேன்.

பக்கத்துல கிழிஞ்ச வலையைப் பொத்துக்கினு இருந்த தசரதன் சிரிச்சுட்டு, அதை இருமலா மாத்தினான்.

இதை வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லணும். எங்க பக்கம் கூடை நிறைய எறாவோட வர்றவனை எங்கே பிடிச்சேன்னு கேட்டா, தெற்கால பிடிச்சவன் வடக்கே கையைக் காட்டுவான். கேட்டவனுக்கும் அது தெரியும். அவனும் நாளைக்கு அப்படித்தான் காட்டுவான். யாரும் யாரையும் ஏமாத்தறதில்லை. சாப்டியான்னு கேட்டா ஆச்சுன்னு சொல்ற மாதிரிதான். எங்கப்பன் அப்படித்தான் சொன்னான், நானும் சொன்னேன். வாய் சொன்னதையே விரலும் எழுதிச்சு. எழுதும்போது இது பொய்யாச்சேன்னு ஒரு நாளும் தோணினதில்லை. போளூர்ல ஒருத்தர் அதை நம்பிப் புள்ளி வெச்சுக்கிட்டு இருப்பாங்கன்னு நான் கண்டேனா?

டீச்சர் மீதியைச் சொன்னாங்க. ஏரியில சுற்றுலாப் படகு நிறுத்த இடம் பார்க்கறாங்களாம். வியாழக்கிழமை பொன்னேரியில கூட்டம். மீன் பிடிக்கிற இடத்தை விட்டுட்டு ஒதுக்குங்கன்னு கேக்கணும்னா ஆதாரம் வேணும்னு அதிகாரிங்க சொல்லிட்டாங்களாம்.

"இதைவிட என்ன ஆதாரம் வேணும் ஐயா? மூணு வருசம். ஜுரத்துல விட்ட ரெண்டு நாளைத் தவிர ஒரு நாள் விடாம. படகை இந்த வெள்ளைப் பக்கம் நிறுத்திக்கட்டும்னு சொல்லிடலாம்."

படத்துக்குக் கீழே என் பேரு இருந்தது. அதுக்குக் கீழே அவங்க பேரு. நகல் ஒண்ணு ஏற்கெனவே அதிகாரிங்களுக்கு அனுப்பிட்டாங்களாம்.

"நல்லா இருக்கு டீச்சர்"னு மட்டும் சொன்னேன். டீ வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டேன்.

திரும்பி வந்தா தசரதன் ஊசியைக் கீழ வெச்சுட்டுக் காத்துக்கினு இருந்தான். "இன்னா மச்சான், உன் டீச்சரு நம்ம சோத்துத் தட்டுலயே படகு நிறுத்தச் சொல்றா?"

"காதுல விழுந்தது."

"கூட்டத்துக்கு ஊரே போவும். அந்தப் படம் தப்புன்னு எல்லாருமா சொல்லிட்டா முடிஞ்சுது. நீ ஏன் மூஞ்சைத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

"ஊரே தப்புன்னு சொன்னா அந்தம்மா இன்னா ஆவும்? பொய்ப் படம் போட்டவங்கன்னு ஆயிடும்."

"ஆவட்டும். அவ யாரு உனக்கு? சொந்தமா?"

"படிக்கிறவங்க."

"படிக்கிறவங்க. அது இன்னா முறை? அத்தையா, சித்தியா?"

எழுந்து வீட்டுக்குப் போயிட்டேன்.

அன்னிக்கு எழுத உக்காந்தேன். காத்து எழுதினேன், தண்ணி எழுதினேன், மீன் எழுதினேன். இடம் வந்தப்போ விரல் நின்னுடுச்சு. அம்பிகாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"டீச்சருக்கு மட்டும் போன் பண்ணிச் சொல்லிடு நைனா. பிளாக்ல போடாத. இருக்கற நாப்பது பேரும் போயிடுவாங்க. மூணு வருசம் சேத்தது."

"டீச்சர் மட்டுமா படிச்சாங்க?"ன்னு கேட்டுட்டுப் போனை வெச்சுட்டேன்.

எழுதினது இவ்வளவுதான்: "மூணு வருசமா நான் எழுதின இடப் பேரு எதுவும் நிஜம் இல்லை. வாய்க்கு வந்ததை எழுதினேன். எங்க ஊர் வழக்கம் அது. காத்து நிஜம். தண்ணி நிஜம். மீன் நிஜம். இடம் மட்டும் பொய். ஹேமாவதி டீச்சர் போட்ட படம் என்னால கெட்டது. யாரும் அதை நம்பாதீங்க. டீச்சரைக் குத்தம் சொல்லாதீங்க."

வினோத் குவைத்துலேருந்து, "எனக்கு முதல் நாளே தெரியும் சித்தப்பா, நீங்க கல்லுமேட்டுக்குப் போன கதை"ன்னு போட்டான். யாரோ ஒருத்தன், "இவ்வளவு நாள் ஏமாத்தினியா கிழவா?"ன்னான். பூபதி கேட்டாரு, "தண்ணி மட்டமும் பொய்யா? அதைப் பார்த்துத்தான் நாத்து விட்டேன்." தண்ணி நிஜம்னு பதில் போட்டேன். அதுக்கப்புறம் அவரு பேசலை. நாப்பது பேரு பதினஞ்சு ஆனாங்க. டீச்சர் ஒரு வார்த்தை எழுதலை.

ஞாயிறு எழுதினேன். திங்கள், செவ்வாய், புதன் எழுதினேன். இடம் வர்ற இடத்துல "சொல்லமாட்டேன்"னு எழுதினேன். டீச்சர் வரலை.

வியாழக்கிழமை பொன்னேரி போனேன். தசரதனும் வந்தான், என்னைக் காவல் காக்க. ஹாலு நிறைய ஆளு. எங்க ஊரு, பக்கத்து ஊருங்க, படகு விடப்போற ஆளுங்க, ரெண்டு அதிகாரிங்க. டீச்சர் மூணாவது வரிசையில அந்தக் குழாயோட உக்காந்திருந்தாங்க. என்னைப் பார்த்தாங்க. திரும்பிக்கிட்டாங்க.

பேரு கூப்பிட்டதும் எழுந்தாங்க. "நான் ஒரு படம் போட்டிருந்தேன். அது தப்பு. நேர்ல வந்து சரிபார்க்காம போட்டேன். அது என் தப்பு. அதை எடுத்துக்காதீங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்தாங்க. பின்னால ரெண்டு பேரு சிரிச்சாங்க. டீச்சர் தலையைக் குனியலை. கழுத்து மட்டும் சிவந்து போச்சு.

நான் எழுந்துட்டேன். "அவங்க தப்பு இல்லை. நான் மாத்தி எழுதினேன்."

அதிகாரி கண்ணாடியை ஏத்திக்கிட்டாரு. "அப்போ சரியான இடம் எது பெரியவரே?"

தசரதன் என் சட்டையைப் பின்னாலேருந்து பிடிச்சான். "உக்காரு மச்சான். எல்லாவனும் கீறான்." நிஜந்தான். பக்கத்து ஊர் ஆளுங்க காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாங்க. நான் சொன்னா நாளைக்கே அங்கே வலை இறங்கும். சொல்லாம உக்காந்தா, பொய்க்காரனும் அவன் பேச்சை நம்பின டீச்சரும்னு ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்.

சட்டையை விடுவிச்சுக்கிட்டு முன்னால போனேன். சுவத்துல அவங்க மாட்டியிருந்த ஏரிப் படத்துல விரலை வெச்சுத் தெற்கு ஓரம் பூரா இழுத்தேன். "இங்கேருந்து இங்கே. மழைக்காலத்துல எறா, மத்த மாசம் மடவை. எங்க ஊரு இதுலதான் சாப்பிடுது."

எங்க ஊர்க்காரங்க யாரும் கை தட்டலை. அதிகாரி எழுதிக்கிட்டாரு. நிஜமா எழுதினாரா, பேனாவை ஆட்டினாரான்னு எனக்குத் தெரியாது. யோசிச்சுச் சொல்றோம்னு அனுப்பிட்டாங்க. இன்னும் யோசிக்கிறாங்க.

வெளியே பஸ் நிறுத்தத்துல டீச்சர் நின்னுக்கிட்டு இருந்தாங்க. கிட்ட போனேன்.

"வாடைன்னு எழுதினதெல்லாம்?"

"நிஜம்."

"ஜுரம்னு எழுதினீங்களே?"

"அதுவும் நிஜம். தசரதன் தப்புன்னு எழுதினது மட்டும் பாதி."

டீச்சர் சிரிக்கலை. "என் பசங்க முப்பது பேரு சேர்ந்து வெச்ச புள்ளி ஐயா அது. திங்கட்கிழமை அவங்ககிட்ட போய் நான் சொல்லணும்." குழாயைக் கக்கத்துல இடுக்கினாங்க. "இனிமே உங்களை நம்பிப் படிக்க முடியாது."

"சரி"ன்னேன்.

பஸ் வந்தது. படியில கால் வெச்சுட்டுத் திரும்பினாங்க. "படிக்கமாட்டேன்னு சொல்லலை."

அடுத்த வாரமே தெற்குப் பக்கம் பக்கத்து ஊர் படகு ரெண்டு வலை போட்டு நின்னுச்சு. தசரதன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அதோட பேச்சை நிறுத்திட்டான். ஒரே படகுல எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து வலை இழுத்தான்.

டீச்சர் தினம் வர்றாங்க. ஆனா பழைய டீச்சர் இல்லை. வாடைன்னு எழுதினா, "இங்கே போன்ல வேற காத்து காட்டுதே"ங்கறாங்க. "அந்த மிஷின் ஏரியில நிக்குதா? நான் நிக்கறேன்"னு போடறேன். போன பௌர்ணமிக்குக் கடல்தண்ணி ஏரிக்குள்ள ஏறின நேரத்தை ஒரு மணி மாத்தி எழுதிட்டேன். கண்டுபிடிச்சுட்டாங்க. பார்த்தேன், அவங்க சொன்னது சரி. திருத்தினேன். நம்பின காலத்துல வாரத்துக்கு ஒரு கேள்வி, இப்போ தினம் நாலு. எனக்கு இது தோதா இருக்கு. நானும் யாரையும் லேசுல நம்பறவன் இல்லை, அதனால இந்தம்மா எங்கே நிக்கறாங்கன்னு எனக்குப் புரியுது. பூபதியும் போன வாரம் திரும்பி வந்து தண்ணி மட்டம் கேட்டாரு. ஏன் வந்தாருன்னு நான் கேக்கலை.

நேத்து தண்ணி எவ்வளவுன்னு டீச்சர் கேட்டாங்க. இடுப்பளவுன்னு போட்டேன். "யார் இடுப்பு?"ன்னு கேட்டாங்க. அதனால இன்னிக்குப் படகுல நின்னு கழியை இறக்கி அளந்தேன். நனைஞ்ச இடத்துல கத்தியால ஒரு கீறு போட்டேன். தள்ளிப் போய் இன்னொரு தடவை இறக்கினேன்.

முதுகைக் காட்டிக்கிட்டு இருந்த தசரதன் திரும்பினான். "இன்னா இது? தண்ணியக் குத்திக்கினே கீற?"

"டீச்சர் கேப்பாங்க."

கழியை என் கையிலேருந்து பிடுங்கினான். அவனே இறக்கினான், தூக்கிப் பார்த்தான். "உன் கீறு தப்பு. நாலு விரல் கம்மி."

"நீ சேத்துல குத்திட்ட. அதனாலதான் உனக்கு ஜாஸ்தி காட்டுது."

"எனக்குச் சேறு தெரியாதா? எழுது, நான் சொன்னதை எழுது."

கரை வர்ற வரைக்கும் சண்டை போட்டோம். ரெண்டு அளவையும் எழுதினேன். அவன் பேரைப் போட்டு ஒண்ணு, என் பேரைப் போட்டு ஒண்ணு.