விளக்குப் பெட்டியும் சைலன்ஸ் அக்காவும்

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் என் அண்ணிக்கு வைத்திருந்த பெயர் சைலன்ஸ் அக்கா. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அவ்வளவு தைரியம் எங்களில் எவருக்கும் கிடையாது. அவர் அங்கே தலைமை நர்ஸ். நான் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள், வீட்டில் அவருக்கு நாத்தனார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த பதினைந்து வருடங்களில் அண்ணி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. என் அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன். "கல்யாண போட்டோவுல சிரிச்சிருக்கா, வேணும்னா எடுத்துக் காட்டுறேன்" என்றான்.

வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு, ஒன்றின் வழியே கேமராக் குழாயை விட்டு, டிவியில் பார்த்தபடி செய்யும் ஆபரேஷன்கள்தான் எங்கள் தியேட்டரில் முக்கால்வாசி. வயிற்றுக்குள் கும்மிருட்டு. வெளிச்சம் வெளியே இருக்கும் ஒரு பெட்டியிலிருந்து கேபிள் வழியாக உள்ளே போக வேண்டும். அந்தப் பெட்டியை அண்ணி பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார். காலையில் வந்ததும் முதல் வேலை அதைப் போட்டுப் பார்ப்பதுதான். பல்பு மாற்றுவதும் அவரே. வேறு யாரும் தொடக் கூடாது, அதிலும் குறிப்பாக நான்.

காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், விளக்கை அணைக்காமலே கேபிளின் நுனியை நோயாளியைப் போர்த்தியிருந்த துணிமேல் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம்தான். புகை வந்தது, துணியில் கட்டைவிரல் அளவுக்கு ஓட்டை. நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. "கண்ணுக்கு வெளிச்சம் தெரியுதுல்ல, கைக்குச் சூடு தெரியலையா சிஸ்டர்?" என்று அண்ணி எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அன்றிலிருந்து எட்டு வருடமாகத் தியேட்டருக்குள் நான் வெறும் சிஸ்டர். வீட்டிலும் "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" என்பதற்குமேல் பேச்சு வளராது.

அப்படிப்பட்ட அண்ணிக்குப் பித்தப்பையில் கல். ஒன்றல்ல, ஸ்கேனில் எண்ணியவர் பதினொன்றோடு நிறுத்திவிட்டார்.

"வேற ஆஸ்பத்திரிக்குப் போலாமே" என்றான் அண்ணன்.

"எதுக்கு? அங்க லைட்டு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அண்ணி. அதோடு பேச்சு முடிந்தது.

ஆபரேஷன் அன்று காலை, அண்ணி நோயாளி கவுனோடு, தலையில் குல்லாயோடு, தியேட்டருக்கு நடந்தே வந்து பெட்டியைச் சோதிக்கப் பார்த்தார். பெரிய டாக்டர் வாசலிலேயே மடக்கிவிட்டார். "இன்னிக்கு நீங்க நோயாளி. போய்ப் படுங்க." அண்ணி முறைத்துக்கொண்டே போய் ஸ்ட்ரெச்சரில் படுத்தார்.

டேபிளில் ஏற்றியதும் மயக்க டாக்டரம்மா, பதற்றம் குறைய ஒரு ஊசியைக் கையில் ஏற்றினார். "இது தூக்க மருந்து இல்ல, சும்மா கொஞ்சம் லேசா இருக்கும்" என்றார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. டேபிளிலிருந்து க்ளுக் என்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மறுபடி க்ளுக். அண்ணி சிரித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்..." என்றார், குரல் குழைந்து. "ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்க சிஸ்டர்."

"இருபது வருஷமா ஆபரேஷன் பண்ணும்போது ஒரு பாட்டு முணுமுணுக்குறீங்களே... சகிக்கல."

பெரிய டாக்டருக்கு மாஸ்க்குக்குமேல் தெரிந்த கொஞ்ச முகமும் சிவந்துவிட்டது. மயக்க டாக்டரம்மா குனிந்து மானிட்டரில் எதையோ தேடுவது மாதிரி தோள் குலுங்கச் சிரித்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு விளக்குப் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன்.

டிக், டிக், டிக். வெளிச்சம் வரவில்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். டிக், டிக், டிக். தினமும் காலையில் அதைப் போட்டுப் பார்ப்பவர் இன்று டேபிளில் படுத்திருக்கிறார். அவருக்குப் பதிலாகப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவே இல்லை.

"பக்கத்துத் தியேட்டர் பெட்டி?" என்றார் பெரிய டாக்டர்.

"அங்க கேஸ் ஓடுது டாக்டர். மெக்கானிக் மத்தியானம்தான் வருவார்" என்றேன்.

"அப்போ இன்னிக்கு வேண்டாம். இன்னும் மயக்கம் குடுக்கலையே, நாளைக்கு வெச்சுக்கலாம்."

"நாளைக்கா?" என்று டேபிளிலிருந்து குரல் வந்தது. "பட்டினி கிடந்தது நானு, நாளைக்காம்ல!" மறுபடி சிரிப்பு. "டிக் டிக்குனு அடிக்குது, பத்த மாட்டேங்குது. பல்பு செத்துப்போச்சு, அவ்ளோதான். அலமாரியில மூணாவது தட்டு, பஞ்சு டப்பாவுக்குப் பின்னாடி புது பல்பு ஒளிச்சு வெச்சிருக்கேன். எடுத்துட்டு வாடி."

வாடி! எட்டு வருடமாக 'சிஸ்டர்' தவிர வேறெதுவும் கேட்டறியாத என் காதில் 'வாடி' விழுந்தது. நான் ஓடினேன். பஞ்சு டப்பாவுக்குப் பின்னால் நிஜமாகவே இருந்தது.

"பிளக்கப் பிடுங்கிட்டியா?"

"பிடுங்கிட்டேன் அண்ணி."

தியேட்டருக்குள் அவரை அண்ணி என்று கூப்பிட்டதை அப்புறம்தான் உணர்ந்தேன்.

"பக்கவாட்டுல மூடி இருக்கும், திற. பழசை நேரா இழு, ஆட்டாத. புதுசோட முகத்துல விரல் படக் கூடாது. பட்டுச்சுன்னா உன் அண்ணன்கிட்ட சொல்லிக் குடுப்பேன்." இதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னதற்கே தான் விழுந்து விழுந்து சிரித்தார். மயக்க டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

பழையதை உருவினேன். புதியதைப் பொருத்தினேன். மூடியைச் சாத்தி, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். இப்போது டிக் சத்தம்கூட இல்லை. பெட்டி ஊமையாகக் கிடந்தது.

"போச்சு" என்றேன்.

"ஒண்ணும் போகல. மூடி சரியா சாத்தலைன்னா அதுக்கு உயிர் வராது, ரொம்ப ரோஷக்காரப் பெட்டி. கீழ் மூலையில உள்ளங்கையால ஒரு தட்டு தட்டு. பயந்து பயந்து தட்டாத. என்னை நெனச்சுக்கிட்டுத் தட்டு!"

நினைத்துக்கொண்டேன். தட்டினேன். மூடி க்ளிக் என்று உட்கார்ந்தது. டிக், டிக், குப்பென்று பற்றியது.

கேபிள் வழியே ஓடிவந்து கேமராக் குழாயின் நுனியில் வெளிச்சம் வெள்ளை வெளேரென்று கொட்டியது. பெரிய டாக்டர் சந்தோஷத்தில் என் முதுகில் தட்டிவிட்டார். கையுறை மாட்டிய கையை எதன்மேலும் படவிடக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் பாடம் நடத்துபவர் அவர்தான். போய்ப் புதுக் கையுறை மாற்றிக்கொண்டு வந்தார். நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் குழாயை வெள்ளைத் துணிக்கு நேராகப் பிடித்துக் கேமராவைச் சரிசெய்தோம். டிவி முழுக்க ஒரே வெள்ளை.

அண்ணி தலையைத் திருப்பி அதையே பார்த்தார். "எவ்ளோ அழகா இருக்கு, இல்ல?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு நல்ல கைடி. என் கையவிட நல்ல கை. இவங்க யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி.

மயக்க டாக்டரம்மா உறங்கவைக்கும் மருந்தை ஏற்றினார். சிரித்த வாயோடே அண்ணி உறங்கிப்போனார்.

புது பல்பின் வெளிச்சத்தில் உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. செம்பழுப்பாக ஈரல், அதற்கடியில் ஒட்டிக்கொண்டு நீலப்பச்சையில் பித்தப்பை. பாதி வேலையில் பெரிய டாக்டர் பழக்கதோஷத்தில் முணுமுணுக்கத் தொடங்கினார். சட்டென்று நிறுத்தினார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் தொலைந்தோம். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. கல் பதினான்கு.

மாலை வார்டுக்குப் போனேன். பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அண்ணி பழைய முகத்தோடு படுத்திருந்தார்.

"லைட்டு ஒழுங்கா இருந்துச்சா?" என்றார்.

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா?"

"ஊசி போட்டது வரைக்கும்தான் ஞாபகம்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பாட்டு சகிக்கவில்லை என்றதைச் சொன்னபோது, "நான் அப்படியெல்லாம் பேசவே மாட்டேன்" என்றார். ரோஷக்காரப் பெட்டியைப் பற்றிச் சொன்னபோது தலையணையைச் சரிசெய்துகொண்டார். கையைப் பற்றிச் சொல்லவா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சொல்லிவிட்டேன்.

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தார். "மருந்து பேசுனதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆனா மருந்து ஒண்ணும் பொய் சொல்லல" என்றார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். "டாக்டர் அப்புறம் பாடவே இல்ல அண்ணி. பாதியில வாய மூடிக்கிட்டு, வெறும் தலைய மட்டும் தாளத்துக்கு ஆட்டிக்கிட்டே ஆபரேஷன் பண்ணாரு" என்று நடித்துக் காட்டினேன்.

அண்ணியின் உதடு துடித்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஐயோ, சிரிக்க வைக்காதடி, தையல் இழுக்குது!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், கண்ணில் நீர் வழிய. எந்த மருந்தும் இல்லாமல்.

அண்ணன் பயந்துபோய் மணியை அழுத்திவிட்டான். வார்டு நர்ஸ் தடதடவென்று ஓடிவந்தாள்.

"என்ன ஆச்சு?"

"சிரிக்கிறா" என்றான் அண்ணன்.

"யாரு?" என்றாள் அவள், கட்டிலைப் பார்த்தும் நம்பாமல்.