பெட்டி மூடியில் ஒட்டிய பக்கம்

பதினோரு மணிக்கு, ராஜபாளையம் வீட்டுச் சமையல் மேடையில் முருங்கைக்கீரை ஒரு பக்கமும் மடிக்கணினி ஒரு பக்கமுமாக நின்றிருந்த நௌஷீன், திரையில் ஒரு வரியைப் படித்துவிட்டு, உருவிய கீரையைக் குப்பையிலும் காம்பைப் பாத்திரத்திலும் போட்டாள். சிலி நாட்டில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் யாரோ ஒருவர் எழுதியிருந்தார். ‘இந்தப் பக்கம் மிகத் தெளிவாக இருக்கிறது. ஆனால் சொல்லியிருப்பது உண்மைதானா? நேற்று என் மோட்டார் தானாக ஓடியது.’

அது கிணற்று மோட்டாரைக் கைபேசியிலிருந்து இயக்குகிற மென்பொருள். யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் இலவசம். உலகத்தின் ஏதேதோ மூலைகளிலிருந்து ஆட்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். நிரல் எழுத நான் நீ என்று வருவார்கள். விளக்கக் குறிப்பு எழுத மட்டும் ஒருவரும் வரமாட்டார்கள். அதைப் படித்து மோட்டாருக்கான பெட்டியை மாட்டுவதைவிடத் தோளில் குடம் சுமந்து பாய்ச்சிவிடலாம் என்கிற நிலையில் இருந்ததை, இரண்டு வருடமாக ஆங்கிலத்திலும் தமிழிலும் திருத்தித் திருத்தி மனிதர் படிக்கிற மாதிரி ஆக்கியவள் நௌஷீன். அதிலும் ஆறாம் பக்கம் அவளுடைய செல்லம். மோட்டாரை நிறுத்துவது எப்படி என்று ஒன்பது வரிக்கு இருந்தது. மூன்று ‘ஆனால்’, இரண்டு ‘ஒருவேளை’. அவள் அதை ஒரே வரியாக்கினாள். ‘கைபேசியில் ஆஃப் அழுத்தினால் மோட்டார் நின்றுவிடும், நீங்கள் மறுபடி ஆன் செய்யும்வரை ஓடாது.’ பாராட்டு குவிந்தது. அவளுக்கும் தலைகால் புரியவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இதில் அண்ணன் ஷாநவாஸ் வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் கடை வைத்திருக்கிறான். அந்த மென்பொருளைப் போட்டுப் பெட்டி செய்து விற்கிறான். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் எதுவும் கிடையாது, எல்லாம் கைபேசியில்தான். தங்கச்சி எழுதியது ஆயிற்றே என்று ஆறாம் பக்கத்தை அச்செடுத்து, லேமினேட் செய்து, ஒவ்வொரு பெட்டி மூடியின் உட்புறத்திலும் ஒட்டிக் கொடுத்தான். மகாராஜபுரம், கான்சாபுரம், தேவதானம் என்று நாற்பத்து மூன்று பெட்டிகள்.

நௌஷீன் உடனே அண்ணன் கடைக்குக் கிளம்பியிருக்கலாம். மாறாக, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து சிலிக்காரருக்குப் பதில் எழுதினாள். உங்களுடையது பழைய பதிப்பாக இருக்கும், நீங்கள் இணைப்பைத் தவறாகக் கொடுத்திருப்பீர்கள், என்று மரியாதையாகவும் கொஞ்சம் மிதப்பாகவும். அனுப்புவதற்கு முன்னால், ஒரு மேற்கோளுக்காகத்தான், தான் வெட்டிப்போட்ட பழைய ஒன்பது வரியைத் தேடி எடுத்தாள். நான்காவது வரியில் அது இருந்தது. ‘ஒருவேளை மின்சாரம் போய் வந்தால், ஆஃப் என்பது பெட்டியின் நினைவில் நிற்காமல் போகலாம்.’ ‘ஒருவேளை’ என்று தொடங்கியதால் அவள் வெட்டிய வரி. எழுதிய பதிலை அனுப்பாமல் மூடினாள். ஒன்றேகால் மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் இருந்தாள்.

மேசைமேல் மாதிரிப் பெட்டி ஒன்று, மோட்டாருக்குப் பதிலாக ஒரு பச்சை பல்பு மாட்டி, வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கென்று இருந்தது. ஷாநவாஸ் கைபேசியில் ஆஃப் அழுத்தினான். பல்பு அணைந்தது. மின்சாரத்தைத் துண்டித்தான். செத்த நேரம் கழித்து மறுபடி கொடுத்தான். பெட்டிக்குள் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

“பாத்தியா, ஒண்ணும் ஆகல,” என்றான். “அந்தாளு அங்க எதையோ மாத்தி மாட்டிருப்பான். ஏட்டி, இதுக்கா இம்புட்டு தூரம் பதறியடிச்சு வந்த?”

அவன் சொல்லி வாயை மூடவில்லை, பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். பச்சை பல்பு தானாக எரிந்தது.

இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் செய்து பார்த்தார்கள். சிவப்பு விளக்கு வந்ததிலிருந்து சரியாகப் பன்னிரண்டு விநாடி. அந்தப் பன்னிரண்டு விநாடியும் பெட்டி தூக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருக்கும். கைபேசி சொல்வது எதுவும் அதன் காதில் ஏறாது. நௌஷீன் அங்கேயே நின்று இணையப் பக்கத்தைத் திருத்தினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. உலகத்துக்கெல்லாம் சரியாகிவிட்டது. நாற்பத்து மூன்று மூடிகளில் பழையதே ஒட்டியிருந்தது.

“கெணத்துல எறங்குறவங்க ஃபியூஸ் கட்டைய உருவிட்டுத்தானண்ணே எறங்குவாங்க?” என்று கேட்டாள். அதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். மூன்று பீங்கான் கட்டையையும் உருவி, வேட்டி மடியில் முடிந்துகொண்டுதான் படியில் கால் வைப்பார்கள். உயிர் மடியில் இருக்கிறது என்று கேலியாகச் சொல்வதும் உண்டு.

ஷாநவாஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “முன்னால உருவுவாங்க. இப்ப எதுக்குன்னு விட்டுட்டாங்க. நானே சொல்லித்தான வித்தேன், ஆஃப் பண்ணாப் போதும்னு. அதுல அம்புட்டு வெளக்கமா எழுதிருக்கே.”

பெட்டி வாங்கியவர்களின் எண்களை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு பேசினார்கள். பலர் எடுத்தார்கள், சரிம்மா என்றார்கள். ஐயாதுரை என்பவர், ஆமா என் மோட்டாரும் ரெண்டு நாள் தானா ஓடுச்சு, பேய் புகுந்திருச்சுன்னு நெனச்சேன் என்று சிரித்தார். நௌஷீனால் சிரிக்க முடியவில்லை. மணி ஒன்று ஐம்பத்து ஒன்று ஆகும்போது மகாராஜபுரம் வேல்சாமியின் எண்ணுக்கு வந்தாள். எடுத்தது அவர் மனைவி வெள்ளைத்தாய்.

“அவிய கெணத்துக்குள்ள எறங்கிருக்காவ தாயி. மோட்டார் காத்தாடியில துணி சுத்திக்கிச்சு. உள்ள கையவிட்டு எடுத்துக்கிட்டு இருக்காவ.”

“அக்கா, ஃபியூஸ் கட்டைய உருவிட்டாரா?”

“அது எதுக்கு? போன்ல ஆப் பண்ணிட்டுத்தான் எங்கிட்டக் குடுத்தாவ. பெட்டி மூடில போட்டிருக்குல்லா, எங்க மக மாரிச்செல்வி நல்லாப் படிச்சுச் சொன்னா.”

“மோட்டார் ஓடுற மூணு ஃபேஸ் கரண்டு எப்பக்கா வரும்?”

“ரெண்டு மணிக்கு.”

நௌஷீன் குரலை உயர்த்தினாள். “அவர மேல ஏறச் சொல்லுங்க. சொல்லிட்டு ஓடிப்போய்க் கட்டைய உருவுங்க. மூடியில உள்ளத நம்பாதீங்க, அது தப்பு, நாந்தான் தப்பா எழுதிட்டேன்.”

வெள்ளைத்தாய் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கைபேசியில் மூச்சிரைப்பு கேட்டது, காய்ந்த சருகு மிதிபடுவது கேட்டது. “மேல வாங்க! ஏய், மேல வாங்க!” என்று அவள் கத்துவது கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து ஏதோ பதில் வந்தது, என்னவென்று விளங்கவில்லை. அறுபது படி ஏற வேண்டும். பிறகு இரும்பு மூடி திறக்கிற சத்தம்.

“ஒண்ணு வந்துருச்சு,” என்றாள் வெள்ளைத்தாய். “ரெண்டாவது வரமாட்டேங்குது. துருப்புடிச்சுக் கெடக்கு.”

“ஒண்ணு மட்டும் பத்தாதுக்கா, ஆட்டி ஆட்டி இழுங்க. இன்னும் நேரம் இருக்கு.”

கடைச் சுவரில் மணி ஒன்று ஐம்பத்து ஆறு. ஷாநவாஸ் கையில் இருந்த பட்டியலைக் கீழே வைத்துவிட்டுத் தங்கை பக்கத்தில் வந்து நின்றான்.

“ஏம்மா,” என்றாள் வெள்ளைத்தாய், “பெட்டிக்குள்ள சின்னதா ஒரு செவப்பு லைட்டு வந்துருச்சே. உருவலாமா, கைய எடுத்துரட்டுமா?”

நான்கு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்ட மின்சாரம் இப்போது கட்டையில். நௌஷீன் வாயைத் திறந்தாள். வெள்ளைத்தாயின் கை கட்டைமேல் இருந்தது, வேல்சாமி படியில் எங்கேயோ இருந்தார், அல்லது இன்னும் தண்ணீரிலேயே இருந்தார். ஒரே வரியில் சொல்லிவிடக்கூடியதாக எதுவும் அவளிடம் இல்லை. அவளை அறியாமல் அவள் எண்ணத் தொடங்கியிருந்தாள். மேசைமேல் யாரும் அணைக்காமல் விட்ட பச்சை பல்பு எரிந்துகொண்டிருந்தது. நான்கு. ஐந்து. ஆறாவது எண்ணுகையில் பீங்கான் கட்டை இரும்பில் உரசிக் கழல்கிற சத்தம் கைபேசியில் கேட்டது.