ஆறு மணி என்று போட்டிருந்தோம்

அயர்லாந்தில் எட்டு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய மைதிலிதான் பச்சை ஓட்டத்தைச் சேலத்துக்குக் கொண்டுவந்தவள். அங்கே மார்ச் மாதம் புனித பேட்ரிக் திருநாளுக்கு ஊரே பச்சை உடுத்திக்கொண்டு தூறலில் ஓடும். இங்கே தூறலுக்கு எங்கே போவது? அதனால் காலை ஆறு மணிக்கே ஓட்டம் என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள்.

ஆறு மணிக்கு ஃபேர்லேண்ட்ஸ் சாலையில் முந்நூறு பேர் பச்சை பனியனோடு நின்றார்கள். சிலர் அயர்லாந்துக்காரர்களைப் போலச் செம்பட்டைத் தாடி ஒட்டியிருந்தார்கள். கொடியசைக்க வேண்டிய சண்முகவேலைத்தான் காணோம். கோழித்தீவன ஆலை முதலாளி; பனியன் அத்தனையும் அவர் உபயம். போன் போட்டால், கிளம்பிவிட்டார் என்றே பதில் வந்தது.

ஆறரை ஆயிற்று. ஏழும் ஆகப்போனது. வெயில் சுள்ளென்று ஏறியதில் தாடிகள் பசை விட்டுத் தொங்கின. ஓட்டத்தை நடத்தும் கிளப்பின் தலைவர் அர்த்தநாரியிடம், செயலாளரான மைதிலி ஆரம்பித்துவிடலாம் என்று மூன்று தடவை போய்ச் சொன்னாள். பெரிய மனுஷன் கோபித்துக்கொள்வார், பொறு என்று மூன்று தடவையும் அவர் அடக்கிவிட்டார்.

அப்போதுதான் அம்மாபேட்டையிலிருந்து வந்திருந்த ராசாத்தி தலைசுற்றித் தரையில் உட்கார்ந்தாள். வயது ஐம்பத்தாறு. மைதிலி நாடி பிடித்துப் பார்த்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் கொடுத்து, நிழலில் சாய்த்துப் பக்கத்தில் ஆள் வைத்தாள். ஓடவே ஆரம்பிக்கவில்லை, நிற்கவைத்தே ஒருத்தியை விழத்தட்டிவிட்டோமே என்று அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. நேரே மைக்கைப் பிடித்தாள். பத்து கிலோமீட்டர் ஓட்டம் இனி ஐந்துதான் என்று அறிவித்தாள். விசிலை ஊதினாள்.

முந்நூறு பேரும் பாய்ந்தார்கள்.

ஏழேகாலுக்குச் சண்முகவேலின் கார் வந்தது. ஆட்கள் ஓடி முடிக்கட்டும் என்று போக்குவரத்துக் காவலர் அதைச் சாலையை மறித்துக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார். முக்கால் மணி நேரம் காத்திருந்து இறங்கி வந்தவரின் முகம் கறுத்திருந்தது. மன்னிப்புக் கேட்டுவிடு என்று அர்த்தநாரி அவள் காதோரம் கெஞ்சினார்.

"கேக்கமாட்டேனுங்க," என்றாள் மைதிலி, சண்முகவேலைப் பார்த்தே. "ஆறு மணின்னு போட்டிருந்தோம். இவங்கெல்லாம் ஆறு மணிக்கு வந்தவங்க."

"அடுத்த வருசம் பனியன் யாரு குடுக்கறான்னு பாக்கறேன்."

"ஊட்ல இருக்கற துணியப் போட்டுட்டு ஓடறமுங்க."

அவர் திரும்பிப்போய்க் காரில் ஏறினார். தெளிந்து எழுந்திருந்த ராசாத்தி மட்டும் நிழலிலிருந்து பலமாகக் கைதட்டினாள்.

அந்த வாரமே மைதிலியைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்தார்கள். ஃபைல்களை அவள் அர்த்தநாரி மேஜையில் வைத்துவிட்டு, அப்படியே காவல் நிலையத்துக்குப் போனாள். அடுத்த மார்ச்சில் பச்சை ஓட்டம் நடத்தச் சாலை வேண்டுமென்று தன் பெயரிலேயே மனு எழுதினாள். ஒரு வருஷம் முன்னாலேயா என்று எழுத்தர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்து, ரசீதை வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.