மழுங்காத கொக்கி

பல் டாக்டருக்குக் காலையிலிருந்தே வேலை ஓடவில்லை. நூலகர் வரும் நாள் அது. டைனோசர் காலத்துக் கடலில் நீந்தி, பிறகு கல்லாய்ச் சமைந்துபோன அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரிகளைச் சேகரிப்பவர் அவர். அவற்றின் சுருள்களில் அப்பியிருக்கும் மண்ணைச் சுரண்டப் பல் சுத்தம் செய்யும் கொக்கிதான் தோது என்று, மாதாமாதம் வந்து மழுங்கிப்போனதைக் கேட்டு வாங்கிப்போவார். இந்த மாதம் ஒன்றுகூட மழுங்கவில்லை. வெறுங்கையோடு அனுப்பினால் இனி எதற்கு வருவார்?

அவர் வந்ததும் டாக்டர் புதுக் கொக்கி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். வரவேற்பு மேசையில் இருந்த அவளுடைய அக்கா, "நடக்கட்டும், நடக்கட்டும்" என்று முணுமுணுத்தாள்.

நூலகர் பிரித்து, விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். "டாக்டர், இது நல்லா கூரா இருக்கே?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க கல்லுக்கு இதுதான் சரியா வரும்னு..."

"இவ்ளோ கூரா இருந்தா நான் சுருளையே கீறிடுவேன். இதுக்குப் பழகின கை வேணும்." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை கல் பொறுக்கக் குன்றுப் பக்கம் போறேன். நீங்களும் வர்றீங்களா? ஒன்பது மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எட்டு மணிக்கே வாசல்ல நிப்பா. நீங்க லேட்டா வந்துடாதீங்க."