முகம் வெளுக்கும் கடை

எங்கள் ஜங்ஷனில் கறுப்பாக ஒருவர்கூடக் கிடையாது. நம்பாதவர்கள் கம்பங்களில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ்களை நிமிர்ந்து பார்க்கலாம். கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளின் புதுநன்மை, முதலாமாண்டு நினைவு என்று மண்டைக்காட்டுப் பக்கம் எது நடந்தாலும் ஃப்ளெக்ஸ் அடிப்பவன் நான்தான். நாற்பது வருஷம் உப்புக்காற்றில் வலை இழுத்தவரையும் என் கம்ப்யூட்டர் பால்கோவா நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். செத்துப்போனவர்களுக்கும் எனக்கும்கூட இந்தச் சலுகை உண்டு. அதற்கென்று கீபோர்டில் ஒரு பட்டனை ஒதுக்கியிருக்கிறேன். எட்டு வருஷப் பழக்கத்தில், என்னைக் கேட்காமலே என் சுண்டுவிரல் அதை அமுக்கும். ஏன் வெளுப்பாக்கினாய் என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கு என்றுதான் வந்திருக்கிறார்கள்.

லிஜோ என்னோடு படித்தவன். தோஹா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. திங்கட்கிழமை கல்யாணம் என்று ஒரு போட்டோவோடு வந்தான். அதில் அவனும், மஞ்சள் பூப்போட்ட சட்டையில் ஒரு ஆப்பிரிக்கனும் தோளில் கைபோட்டு நின்றார்கள்.

"ஏலே சுபினே, ரெண்டே ரெண்டு மொகம். நானும் கோஜோவும். வேற ஒரு பயலும் வேண்டாம்."

கோஜோ கானா நாட்டுக்காரன். தோஹாவில் லிஜோவுக்கு அம்மை போட்டபோது, அறையில் இருந்த நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டார்கள். பக்கத்து அறையிலிருந்து வந்து பன்னிரண்டு நாள் கஞ்சி ஊட்டியவன் கோஜோ. ஓடிய இருவரும் ஃப்ளெக்ஸில் போடச் சொல்லி கூலிங்கிளாஸ் மாட்டிய படங்களை முதல் ஆளாக அனுப்பியிருந்தார்கள். அது வேறு விஷயம்.

"அவன் வந்து எறங்குனா நம்ம ஆளுவ வாயப் பொளந்துட்டு நிப்பாவ. ஆரு, எங்க, எதுக்குன்னு நூறு கேள்வி கேப்பாவ. எனக்காவ அம்புட்டு தூரம் வாறான். அவன் மனசு நோவப்பிடாது. மேல அவன் மொகம் இருந்தா, கல்யாண வீட்டு ஆளுன்னு வெளங்கிரும்லா."

நியாயமான பயம்தான். பக்கத்துத் திருவட்டாற்றுக்காரன் வந்தாலே எந்தக் குடும்பம், யார் மகன் என்று விசாரித்து முடித்த பிறகுதான் டீ குடிக்க விடுகிற ஊர் இது.

சனிக்கிழமை காலையில் பன்னிரண்டுக்கு எட்டடியில் ஃப்ளெக்ஸ் கட்டினேன். மதியம் லிஜோவின் காரிலிருந்து கோஜோ இறங்கினான். ஃப்ளெக்ஸில் இருந்த அதே மஞ்சள் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தான். டீக்கடை மொத்தமும் டம்ளரோடு எழுந்து நின்றது.

மீன் விற்கிற செல்லபாய் மாமி கூடையை இறக்கி வைத்தாள். "இது ஆரு மக்கா?"

"கோஜோ, மாமி. மேல ஃப்ளெக்ஸ்ல இருக்காம்லா," என்றான் லிஜோ.

மாமி மேலே பார்த்தாள். கோஜோவைப் பார்த்தாள். "கள்ளம் சொல்லாத. அது ஏதோ சேட்டு பையன்லா."

கோஜோவும் நிமிர்ந்து பார்த்தான். "அழகான ஆள். உன் மச்சானா?" என்று லிஜோவிடம் ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டான். பிறகுதான் படத்தில் இருந்த சட்டை அவன் கண்ணில் பட்டது. குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் ஹோட்டல் இருக்கிறதா, நான் அங்கேயே தங்கிக்கொள்கிறேன் என்றான்.

ஐந்து நிமிஷத்தில் இருவரும் என் கடையில் நின்றார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

"இப்ப மாத்தி அடி," என்றான் லிஜோ.

ஃபைலைத் திறந்து கோஜோவின் முகத்தில் மட்டும் வெளுப்பை எடுத்தேன். கோஜோ கோஜோவாகவே திரையில் வந்தான். லிஜோ என் காதருகே குனிந்தான்.

"சுபினே, என்னைய அப்பிடியே விட்டுரு. பொண்ணு ஷிஜி வீட்டு ஆளுவ பாதிப்பேரு நீ வெளுப்பா அடிச்ச போட்டோவத்தான் பாத்திருக்காவ."

இனம் கடந்த நட்பு அந்த அளவில் நின்றது. கோஜோவுக்குத் தமிழில் மக்கா, ஆமா, கஞ்சி தவிர வேறு தெரியாது. ஆனால் திரை தெரிந்தது. வெள்ளை லிஜோவின் பக்கம் கை நீட்டினான்.

"இந்த ஆளுக்கு நான் கஞ்சி ஊட்டவில்லையே. இவனை எனக்குத் தெரியாது," என்றான் மெதுவாக.

லிஜோ திரையில் தன் வெள்ளை முகத்தைப் பார்த்தான். பிறகு, "எடுத்துரு," என்றான்.

எடுத்தேன். வெயில் குடித்த முகம் வந்தது. கன்னத்தில் அம்மைத் தழும்பு மூன்று. என் பட்டன் அதையும் துடைத்திருக்கிறது. கோஜோ கிட்டே வந்து திரையிலிருந்த தழும்பில் விரலை வைத்தான்.

"மக்கா," என்றான். லிஜோ அழுதுவிட்டான்.

புது ஃப்ளெக்ஸ் அன்று சாயங்காலமே ஏறியது. கல்யாணத்தன்று கோஜோ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. செல்லபாய் மாமி மட்டும், சாப்பிட்டானா என்று மூன்று தடவை கேட்டாள். என் தொழிலும் திருந்திவிட்டதாக நினைத்துவிட வேண்டாம். அந்த வாரம் ஆறு ஆர்டர் வந்தது. ஆறு பேரும், லிஜோ கல்யாணத்துக்கு அடித்த மாதிரி அடித்துவிடாதே என்றுதான் சொன்னார்கள்.

ஊருக்குக் கிளம்பும் நாளில் கோஜோ கடைக்கு வந்து என்னோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். கானாவுக்குக் கொண்டுபோகப் பிரிண்ட் வேண்டுமாம். என் சுண்டுவிரல் வழக்கம்போலப் பட்டனுக்குப் போயிற்று. அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

படம் வெளியே வந்தது. கோஜோவின் பக்கத்தில் நிற்பது யார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"இது நானா?" என்று கேட்டேன்.

"ஆமா மக்கா," என்றான் கோஜோ.