டப்ளின் போட்டுட்டாங்க

1

காலை ஏழு நாற்பதுக்கு வந்த, பதினொரு வினாடி நீளமுள்ள குரல்பதிவு. இந்தக் கதை அதிலிருந்து வந்தது. எனக்கு வந்த பதிவு அல்ல. கேட்டேன், எடுத்துக்கொண்டேன்.

"அமே, எனக்கு டப்ளின் போட்டுட்டாங்க. பேப்பர் குடுத்திருக்காங்க. கையெழுத்துப் போடவா?"

பேசியவன் உதயசூரியன். வயது இருபத்து மூன்று. மியான்மரின் கட்டாய ராணுவச் சேவைப் பட்டியலில் பெயர் வந்த மாதமே யாங்கூனை விட்டுப் போனவன். இப்போது ஜெர்மனியில், அகதி முகாமில். கேட்டவள் அவன் 'அமே', அம்மா விஜயகுமாரி, யாங்கூனின் தாகேதாவில்.

2

முதல் தொடக்கம்: டப்ளின் என்றால் ஐரிஷ் மொழியில் கருங்குளம். ஆற்றோரத்தில் கறுத்த நீர் தேங்கி நின்றதால்

(விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: கடல் கடந்தவர்கள் பெயரையும் கொண்டுபோனார்கள். ஒஹாயோவில் ஒரு டப்ளின், ஜார்ஜியாவில் ஒன்று, கலிபோர்னியாவில் ஒன்று. ஊரை விட்டுப் போகிறவர்கள் எதை

(இதையும்.)

3

நபீஸாவின் ரீசார்ஜ் கடைக்குள் விஜயகுமாரி செருப்போடு நுழைந்தாள். அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல.

"புள்ளைய டப்ளினுக்குப் போட்டுட்டாங்கடி! எங்கப்பாவ ரயில்வேல தௌங்கூவுக்குப் போட்ட மாதிரி."

நபீஸா பதிவைக் கேட்டாள். "அக்கா, 'என்னை'ன்னு சொல்லலியே, 'எனக்கு'ன்னுல்ல சொல்றான்?"

"அவன் தமிழ் ஒனக்குத் தெரியாதா? 'கோழி என்னைத் தின்னுச்சு'ன்னு சொன்ன பய."

இருவரும் சிரித்தார்கள். நபீஸா இன்னொரு முறை கேட்டாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கணவரின் தம்பி முஜிபுர் ரஹ்மான் ஒருமுறை இதுபோன்ற முகாமிலிருந்து அழைத்து இதையேதான் சொன்னான்: எனக்கு டப்ளின்.

4

(அடிக்குறிப்பாக இருக்க வேண்டியது. அடியில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்.)

1990இல் ஐரோப்பிய நாடுகள் சில டப்ளினில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. தஞ்சம் கேட்டு வருபவரின் மனுவை எந்த நாடு விசாரிப்பது என்பதற்கான விதி. பெரும்பாலும், அவர் முதலில் நுழைந்த நாடு. விதி பின்னால் மாறி மாறி எழுதப்பட்டது. பெயர் மாறவில்லை. முகாம்களில் அது நோயின் பெயர்போலப் புழங்குகிறது. 'டப்ளின்' வந்தவனை முதலில் நுழைந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புவார்கள். அந்த ஊரை அவன் பார்த்திருக்கவே மாட்டான்.

உதயசூரியன் முதலில் விரல்ரேகை கொடுத்த நாட்டில், அவனை வேலைக்கு எடுத்த கம்பெனி கைவிட்டதால் அவன் விசா ரத்தாகிவிட்டது. கையெழுத்துக் கேட்கும் பேப்பர், அங்கே போகச் சம்மதம் என்பதற்கு. அங்கே போனால் அடுத்த விமானம் யாங்கூனுக்கு. முஜிபுருக்கு அப்படித்தான் நடந்தது.

அவன் 'எனக்கு' என்று சரியாகத்தான் சொன்னான்.

5

நபீஸாவை நான் சந்தேகித்தேன். தெரிந்ததைச் சொல்ல ஏன் தயங்குகிறாள்?

முதல் பிரதியில் உடனே சொல்லிவிட்டாள். நம்பும்படி இல்லை. அந்தச் சொல்லை விளக்க அவளுக்கு முஜிபுரின் பெயர் வேண்டும். முஜிபுரை விமான நிலையத்திலேயே ராணுவம் கொண்டுபோனது தாகேதாவில் எல்லோருக்கும் தெரியும். பதினான்கு மாதங்களாகச் செய்தி இல்லை என்பதும் தெரியும்.

எழுதிய முடிவுகள்:

அவள் சொல்லிவிடுகிறாள். அவன் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வக்கீல் கிடைக்கிறார். (வக்கீலை நான்தான் கொண்டுவந்தேன். அடித்தேன்.)

அவள் சொல்லவில்லை. அவன் கையெழுத்துப் போடுகிறான். விமானம் (எழுத முடியவில்லை.)

நெட் போய்விடுகிறது. யாங்கூனில் இதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். எனக்கும் வசதி. அதனால்தான் அடித்தேன்.

6

ஆகவே கடையில் இருவரும் இன்னும் நிற்கிறார்கள். நெட் இருக்கிறது. விஜயகுமாரியின் கட்டைவிரல் மைக் பொத்தானுக்கு மேலே.

"அக்கா, கொஞ்சம் பொறு."

"எதுக்குப் பொறுக்க? வேலைங்கிறது வாசல்ல வந்து நிக்குமா?"

நபீஸா கவுண்டரைச் சுற்றி வந்து அந்தக் கையைப் பிடித்தாள். இதுவரை எனக்குத் தெரியும். பிடித்த பிறகு அவள் வாய் திறந்ததா என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். நான் கேட்டது விஜயகுமாரியின் குரலை மட்டும்.

"ஏண்டி கையப் புடிக்கிற? புள்ள அங்க காத்துக்கிட்டிருக்கான். போடச் சொல்லவா, வேணாமா?"